கேட்டது ஒன்று, கோப்பில் வந்தது வேறா? கழித்துப் பாருங்கள்

மிக்ஸ் முடிந்து கோப்பை அனுப்பிய மறுநாள் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். “என்னப்பா, உன் அறையில் கேட்டபோது தொப்பி கும்மென்று இருந்தது. நீ அனுப்பினதில் அதைக் காணோமே?” நான் கர்நாடகக் கச்சேரிப் பதிவுகளை மிக்ஸ் செய்து, அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் ஒன்றாகக் கலந்து, பிழைப்பவன். மிருதங்கக்காரர்கள் தொப்பியை, அதாவது இடது பக்கத்தின் கீழ் ஒலியை, தேடுவார்கள். வயலின்காரர்களுக்கு வில்லின் கரகரப்பு திடீரென்று கூடிவிட்டதாகத் தோன்றும். பாடகர்களுக்குத் தம்புரா குறைந்திருக்கும். மிக்ஸ் செய்பவர்களுக்கே இந்தக் குழப்பம் உண்டு: மென்பொருளில் பிளே பொத்தானை அழுத்தினால் ஒரு மாதிரி, எக்ஸ்போர்ட் செய்த கோப்பைத் திறந்தால் இன்னொரு மாதிரி.

“அந்த மென்பொருளின் ஒலி இயந்திரமே சரியில்லை” என்று ஒரு பதில் ரொம்ப காலமாக உலவுகிறது. அதை நம்பி மென்பொருள் மாற்றியவர்களைத் தெரியும். மாற்றிய பிறகும் அதே புகார்தான். ரீப்பர், க்யூபேஸ், லாஜிக், ஏபிள்டன் எதுவானாலும் இன்று உள்ளே நடப்பது 32 அல்லது 64 பிட் ஃப்ளோட் (தசம எண்) கணக்கில் கூட்டலும் பெருக்கலும்தான். வித்தியாசம் வந்தால் அது குறிப்பிட்ட ஓர் இடத்தில் வருகிறது, அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். ஆனால் காதை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. முதலில் கேட்க வேண்டியது: மாறியது கோப்பா, அல்லது கோப்பு உங்கள் காதுக்கு வந்து சேரும் வழியா? இது தெரியாமல் பிளக்-இன்களை (மென்பொருளில் செருகும் ஒலிக் கருவிகளை) திருகிக்கொண்டிருந்தால் நல்ல மிக்ஸும் கெடும்.

கழிப்பது எப்படி

ஒரே ஒலியின் இரண்டு பிரதிகளில் ஒன்றின் பொலாரிட்டியை (அலையின் மேடு பள்ளத்தை) தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால், ஒன்றை ஒன்று அழித்து அமைதிதான் மிஞ்சும். கொஞ்சம் வேறுபட்டால் அந்த வேறுபாடு மட்டும் கேட்கும். ரீப்பரில் செய்யும் முறையைச் சொல்கிறேன். மற்றவற்றிலும் இதேதான், பொத்தான்களின் இடம் மட்டும் மாறும்.

மாஸ்டரில் (எல்லா டிராக்குகளும் கடைசியில் வந்து சேரும் இடம்) போட்டிருக்கும் ஈக்யூ, லிமிட்டர் எல்லாவற்றையும் எடுத்துப் புதிய டிராக் ஒன்றில் வையுங்கள். மற்ற டிராக்குகள் அனைத்தையும் அதன் கீழே ஃபோல்டராக அடக்குங்கள். மாஸ்டர் காலியாக, ஃபேடர் பூஜ்யத்தில் நிற்கட்டும். இப்போது ப்ராஜெக்ட்டின் அதே சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறோம் என்பது), 32 பிட் ஃப்ளோட் வேவ் கோப்பாக ரெண்டர் (எக்ஸ்போர்ட்டுக்கு ரீப்பரில் பெயர்) செய்யுங்கள். நார்மலைஸ் (ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும்) பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வந்த கோப்பை ஃபோல்டருக்கு வெளியே தனி டிராக்கில், அது தொடங்க வேண்டிய அதே புள்ளியில் வையுங்கள். அந்த டிராக்கில் குறுக்குக் கோடு போட்ட பூஜ்யம் மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டு பிளே கொடுங்கள். ஒலி குறைவதற்குப் பதிலாக 6 டெசிபெல் கூடினால் பொத்தானை அழுத்த மறந்திருக்கிறீர்கள்.

மாஸ்டர் மீட்டர் அசையவே இல்லையா? அப்படியானால் எக்ஸ்போர்ட்டில் குற்றமில்லை. 24 பிட்டிலும் ஒருமுறை ரெண்டர் செய்து கழியுங்கள். அதுவும் அமைதியாக இருந்தால் இந்தக் கட்டுரையின் பிற்பகுதிக்குப் போய்விடலாம்.

மீதி கேட்கிறது என்றால் அதை உற்றுக் கேளுங்கள். இந்த வேலையில் சுவையான பகுதி இதுதான். மீதியின் குணமே காரணத்தைச் சொல்லிவிடும்.

முழுப் பாட்டும் சன்னமாக, எல்லாக் கருவிகளும் அதே விகிதத்தில் கேட்டால் அது வெறும் ஒலியளவு வித்தியாசம். கோப்பு 1 டெசிபெல் கூடவோ குறையவோ இருந்தால் மீதி மூல ஒலியைவிடச் சுமார் 18, 19 டெசிபெல் கீழே நிற்கும். 0.1 டெசிபெல் என்றால் சுமார் 39 டெசிபெல் கீழே. பெரும்பாலும் நார்மலைஸ் பெட்டி, அல்லது யாரோ தொட்ட ஃபேடர்.

உச்ச சுருதிகள் மட்டும் “ஸ்ஸ்” என்று, கீழ் ஒலிகள் இல்லாமல் கேட்டால் கோப்பு ஓரிரு சாம்பிள் தள்ளி உட்கார்ந்திருக்கலாம், அல்லது சாம்பிள் ரேட் மாற்றப்பட்டிருக்கலாம். ஒரு சாம்பிள் நகர்வில் மீதி ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 6 டெசிபெல் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் மேலே மட்டும் கேட்கிறது. கோப்பை ஒரு சாம்பிள் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

16 பிட் கோப்பைக் கழிக்கும்போது பாட்டோடு சம்பந்தமில்லாத ஓர் இரைச்சல் -90 டெசிபெல் அருகே சீராக இருந்தால் அது டிதர், பிட் குறைக்கும்போது வேண்டுமென்றே சேர்க்கும் மெல்லிய இரைச்சல். இருக்க வேண்டியதுதான். விட்டுவிடுங்கள்.

ஆலாபனை முழுக்க அமைதி, கீர்த்தனையிலும் அமைதி, தனி ஆவர்த்தனம் வந்ததும் மிருதங்கத்தின் ஒவ்வொரு சாப்பிலும் “டக்” என்று ஒரு சிறு வெடிப்பு. இப்படி வந்தால் கிளிப்பிங். 32 பிட் ஃப்ளோட் கோப்பில் கழித்தபோது அமைதியாக இருந்து 24 பிட்டில் மட்டும் இந்த வெடிப்புகள் வந்தால் சந்தேகமே வேண்டாம். ஃப்ளோட் கணக்கில் பூஜ்ய டெசிபெல்லுக்கு மேலே போனாலும் இடமுண்டு. 24 பிட், 16 பிட் கோப்பில் பூஜ்யத்துக்கு மேல் எதுவும் கிடையாது, உச்சியைச் சீவிவிடும். கேட்டபோது ஏன் தெரியவில்லை? மாஸ்டருக்குப் பிறகு, மானிட்டரிங் எஃப்எக்ஸ் பகுதியில் ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டிருப்பீர்கள். ஒலி அட்டைக்குப் போகும் முன்பே உச்சிகள் கீழே இறங்கிவிட்டதால் அறையில் சுத்தமாக இருந்தது. கோப்புக்கு அந்தக் குறைப்பு போய்ச் சேரவில்லை. மாஸ்டர் மீட்டரின் சிவப்பை மதித்திருந்தால் இந்தச் சோதனையே தேவைப்பட்டிருக்காது.

பாட்டு சரியாக அழிந்து, ரீவெர்ப்பின் வாலோ கோரஸின் அலைவோ மட்டும் மிஞ்சினால் அது அந்தப் பிளக்-இன்னின் சுபாவம். உள்ளே தன்னிச்சையாக ஓடும் அலைவு, ஒவ்வொரு முறையும் வேறு புள்ளியில் தொடங்கும். ஒரே தட்டுக்குப் பல பதிவுகளை மாற்றி மாற்றி வாசிக்கும் சாம்பிள் கருவிகளும் அப்படியே. உறுதி செய்ய, எதையும் தொடாமல் இரண்டு முறை ரெண்டர் செய்து அந்த இரண்டு கோப்புகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழியுங்கள். அவையே ஒத்துப்போகவில்லை என்றால் பிளேயும் கோப்பும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பிடித்த ஓட்டத்தை ஆடியோவாக உறையவைத்து, அதையே மிக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொப்பி எங்கே போனது

மேலே சொன்ன எதுவும் தொப்பியைத் தொலைப்பதில்லை. அதற்குத் தனிக் கதை உண்டு.

சிறிய அறையில் வேலை செய்பவர்கள் பலர் இப்போது அறைத் திருத்த மென்பொருள் வைத்திருக்கிறோம். அளவு மைக் வைத்து அறையை அளந்து, எந்த அலைவரிசை வீங்குகிறதோ அதை அது குறைக்கும். உங்கள் அறை 100 ஹெர்ட்ஸ் பக்கம் 6 டெசிபெல் வீங்கினால் அது 6 டெசிபெல் வெட்டும். அறையின் வீக்கமும் வெட்டும் சேர்ந்து காதுக்குச் சமமாக வரும். இந்தத் திருத்தம் மாஸ்டர் டிராக்கில் உட்கார்ந்திருந்தால் ரெண்டரிலும் அந்த வெட்டு ஏறிவிடும். வித்வானின் வீட்டு ஹாலில் உங்கள் அறையின் வீக்கம் இல்லை, வெட்டு மட்டும் இருக்கிறது. தொப்பி காணாமல் போனதற்கு இதைவிட நேரான காரணம் கிடையாது. இதில் கழித்துப் பார்த்தால் அமைதிதான் வரும் என்பது கூடுதல் விஷமம். பிளேயிலும் வெட்டு இருக்கிறது, கோப்பிலும் இருக்கிறது. இரண்டும் சமம், இரண்டும் தவறு.

ஆகவே சோதனையில் தேறினாலும் மாஸ்டரில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். ரீப்பரில் இந்தத் திருத்தம் மானிட்டரிங் எஃப்எக்ஸ் பகுதியில் இருக்க வேண்டும். க்யூபேஸில் கன்ட்ரோல் ரூம். அங்கே வைத்தது கோப்பில் ஏறாது. ஹெட்போனில் ஸ்பீக்கர் மாதிரி கேட்கவைக்கும் பிளக்-இன்களுக்கும் அதுவே இடம்.

சரியான இடத்தில் வைத்தவர்களுக்கு எதிர்த்திசையில் ஒரு குழப்பம் வரும். ரெண்டர் செய்த கோப்பை அதே கணினியில் விஎல்சியில் திறப்பார்கள். அங்கே அறைத் திருத்தம் இல்லை. அறையின் வீக்கம் முழுசாகக் கேட்கும். “கோப்பில் தொப்பி அதிகமாகிவிட்டதே” என்று மிக்ஸுக்குத் திரும்பிப்போய்க் குறைத்துவிடுவார்கள். கோப்பில் ஒரு குறையும் இருந்திருக்காது. ரெண்டர் செய்ததைச் சரிபார்க்க வேறு பிளேயர் வேண்டாம். ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே தனி டிராக்கில் போட்டு, ஒன்றை மாற்றி ஒன்று சோலோ செய்து கேளுங்கள். அதே வழி, அதே ஒலியளவு, அதே திருத்தம்.

ரெண்டர் செய்யும்போது மட்டும் மாறுபவை

பிளே ஓடும்போது கணினி நேரத்தோடு ஓட வேண்டும். எக்ஸ்போர்ட்டில் அந்த அவசரம் இல்லை. ஆகவே சில பிளக்-இன்கள் எக்ஸ்போர்ட்டின்போது உயர்ந்த தரத்துக்குத் தாமாகவே மாறும். டிவா என்ற சின்தஸைசரில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது: ஆஃப்லைனில், அதாவது எக்ஸ்போர்ட்டில், அதே துல்லியமா, உச்சத் துல்லியமா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். டிஸ்டார்ஷன், லிமிட்டர் பிளக்-இன்கள் சிலவற்றிலும் ஓவர்சாம்பிளிங்கை (உள்ளே கூடுதல் சாம்பிள் ரேட்டில் கணக்கிடுவதை) ஆஃப்லைனுக்குத் தனியாக ஏற்றலாம். தரம் கூடினால் ஒலி மாறும், ஆனால் நீங்கள் காது கொடுத்து ஒப்புக்கொண்டது அந்த ஒலியை அல்லவே! இரண்டு இடத்திலும் ஒரே அமைப்பை வைத்துக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வேகமான எக்ஸ்போர்ட்டில் சில பிளக்-இன்கள் திணறுவதும் உண்டு. ரீப்பரின் ரெண்டர் பெட்டியில் ‘ஃபுல்-ஸ்பீட் ஆஃப்லைன்’, ‘1எக்ஸ் ஆஃப்லைன்’, ‘ஆன்லைன் ரெண்டர்’ என்று தனித்தனியாக இருக்கும். ஃபுல்-ஸ்பீடில் ஒன்று, ஆன்லைனில் ஒன்று எடுத்துக் கழித்தால் குற்றவாளி பிடிபடும். பிறகு டிராக் டிராக்காக மியூட் செய்தால் எந்தப் பிளக்-இன் என்பதும் தெரியும். வெளியே நிஜமான கம்ப்ரஸர் பெட்டியை ஒயர் போட்டு இணைத்திருப்பவர்களுக்கு ஆன்லைன் தவிர வேறு வழியில்லை. வெளிப் பெட்டி பாட்டின் நேரத்தைவிட வேகமாக ஓடாது. ப்ரோ டூல்ஸில் 2013இல் 11ஆம் பதிப்பு வரும்வரை எல்லோருமே பாட்டு ஓடும் நேரம் முழுக்கக் காத்திருந்துதான் பவுன்ஸ் (எக்ஸ்போர்ட்டுக்கு அங்கே அந்தப் பெயர்) எடுத்தார்கள். அலுப்பான வேலை. ஆனால் கடைசியாக ஒருமுறை முழுசாகக் கேட்டுவிடும் பழக்கம் அதனால் இருந்தது. அந்தப் பழக்கம் போனதில் எனக்கு வருத்தம்தான்.

ஆரம்பத்தையும் முடிவையும் கவனியுங்கள். தேர்ந்தெடுத்த பகுதிக்கு முன்பே தொடங்கிய மிடி (மென்பொருள் கருவிக்குப் போகும் கட்டளை) ஸ்வரம், ரெண்டரில் ஒலிக்காமல் போகலாம். சுருதிக்கு மிடி தம்புரா வைத்திருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நேரும். இரண்டு விநாடி முன்னதாகத் தொடங்கி ரெண்டர் எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். முடிவில், ரீவெர்ப்பின் வால் அடங்கும் முன் கோப்பு முடிந்துவிடாமல் ‘டெய்ல்’ பெட்டியில் நாலைந்து விநாடி கொடுங்கள்.

சாம்பிள் ரேட்டில் ஒரு விஷயம். 48 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்ட்டை 44.1இல் எடுத்தால் மாற்றும் கணக்கு நடுவில் வரும். நல்ல தரத்தில் மாற்றினால் காதுக்குத் தெரியாது. ஆடாசிட்டியில் இந்தத் தரம் இரண்டு இடத்தில் தனித்தனியாக இருக்கிறது, பிளேக்கு ஒன்று, எக்ஸ்போர்ட்டுக்கு ஒன்று. தானாக வரும் அமைப்பில் பிளேக்கு நடுத்தரம், டிதர் இல்லை. எக்ஸ்போர்ட்டுக்கு உச்சத் தரம், டிதரும் உண்டு. எனவே ஆடாசிட்டியில் வித்தியாசம் இருந்தால், கோப்புதான் மேலானது!

சுருதியே இறங்கிவிட்டால் அது தரப் பிரச்சினை அல்ல. 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியை எங்கோ 44.1 என்று நினைத்து ஓட்டுகிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் இறங்கும். ஐந்து கட்டையில் பாடியவர் நாலுக்கும் நாலரைக்கும் நடுவே தொங்குவார். பத்து நிமிடக் கீர்த்தனை பத்தே முக்கால் நிமிடத்துக்கு மேல் ஓடும். நேரத்தைப் பார்த்தாலே போதும்.

கோப்பு சரி, வழிதான் வேறு

கழித்தும் மிஞ்சவில்லை, மாஸ்டரிலும் ஒன்றுமில்லை, ஆனாலும் வேறு மாதிரி கேட்கிறது. அப்படியானால் வழியைச் சந்தேகியுங்கள்.

விண்டோஸில் மிக்ஸ் மென்பொருள் ஏஸியோ என்ற டிரைவர் வழியாக நேரே ஒலி அட்டைக்குப் பேசும். சாதாரணப் பிளேயர் விண்டோஸின் கலவை வழியாகப் போகும். அங்கே சாம்பிள் ரேட் மாற்றம் நடக்கலாம், ஒரு லிமிட்டர் இருக்கிறது, மடிக்கணினி தயாரிப்பாளர் சேர்த்த ‘சினிமா’, ‘மியூசிக்’ வகை மேம்பாடுகளும் இருக்கும். சவுண்ட் அமைப்புகளில் உங்கள் சாதனத்தைத் திறந்து ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை அணையுங்கள். சாம்பிள் ரேட்டைக் கோப்புக்கு ஏற்ப வையுங்கள். மேக்கில் இதற்கு ஆடியோ மிடி செட்டப். பிளேயரில் ஈக்யூ இருந்தால் அதையும் அணையுங்கள். விஎல்சியில் ஒலியளவு 100 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது ஒலியளவு. காது கீழ் ஒலிகளையும் மேல் ஒலிகளையும் மெல்லிய அளவில் குறைவாகவே கேட்கும் என்பதை ஃப்ளெச்சரும் மன்சனும் 1933லேயே வளைகோடுகளாகப் போட்டுக் காட்டினார்கள். ஸ்டுடியோவில் சத்தமாக வைத்துக் கேட்ட தொப்பி, வீட்டில் மெதுவாக வைத்தால் ஒதுங்கிப்போவது கோப்பின் குற்றமல்ல. மிக்ஸைப் பேச்சுச் சத்தத்துக்கும் கீழே இறக்கி ஒருமுறை கேளுங்கள். அப்போதும் தொப்பியின் நடை புரிகிறதென்றால் கவலையில்லை.

கைபேசி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு வரும் புகார்களுக்கு நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: “ஹெட்போனில் கேட்டீர்களா, சார்?” மிக்ஸ் செய்பவர் பார்க்க வேண்டியது மோனோவை. மிருதங்கத்தின் இரு பக்கமும் மைக் வைத்திருந்தால் மாஸ்டரை மோனோவாக்கிக் கேளுங்கள். ஒன்றின் பொலாரிட்டியைத் திருப்பிப் பார்த்து, எதில் கீழ் ஒலி நிறைவாக நிற்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வயலினை அகலமாக்கும் பிளக்-இன்களும் மோனோவில் வயலினையே விழுங்கும்.

எம்பி3 ஆக்கினால் கழிப்புச் சோதனை செல்லாது. ஒலியின் சில பகுதிகளைத் தூக்கியெறிவதுதான் அதன் தொழில். 128 கேபிபிஎஸ்ஸில் 16, 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதெல்லாம் வெட்டப்படும். ஆனால் காதுக்கு உறுத்துவது அந்த வெட்டு அல்ல. பாட்டு முடிந்து வரும் கைதட்டலைக் கேளுங்கள். தனித்தனிக் கைகளாக இருந்தது தண்ணீர் சலசலப்பாகிவிடும். தம்புராவின் ஜீவாளி, கஞ்சிராவின் சலங்கை இரண்டும் அடுத்துக் கெடும். கச்சேரிக் கோப்புக்கு எத்தனை கேபிபிஎஸ் போதும் என்று நான் முடிவு செய்வது கைதட்டலை வைத்துத்தான். சுருக்கிய கோப்பை மறுபடி ஒலியாக்கும்போது உச்சிகள் பழைய அளவைத் தாண்டலாம். அதனால் லிமிட்டரை -0.1இல் நிறுத்தாமல், ட்ரூ பீக் (சாம்பிள்களுக்கு நடுவே எழும் உச்சியையும் கணக்கிடும்) முறையில் -1 டெசிபெல்லில் நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியிருந்தால் கோப்பை ஆவணமாக அனுப்புங்கள், அப்படியே போய்ச் சேரும். வீடியோவாக அனுப்பினால் வழியில் இன்னொருமுறை நசுங்கும்.

யூட்யூபில் ஏற்றியபின் ஒலி குறைந்துவிட்டது என்பவர்கள், கணினியில் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறக்கலாம். ‘கன்டென்ட் லவுட்னெஸ்’ என்ற இடத்தில் +4 என்றிருந்தால் உங்கள் ஒலியை 4 டெசிபெல் குறைத்துத்தான் ஓட்டுகிறார்கள். சுமார் -14 லஃப்ஸ் (சராசரி ஒலியளவை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் போனதெல்லாம் இறக்கப்படும், கீழே இருப்பது ஏற்றப்படாது. லிமிட்டரில் நசுக்கி ஏற்றிய 4 டெசிபெல்லால் அங்கே லாபமில்லை, மிருதங்கத்தின் கூர்மைதான் போயிற்று. அமைப்புப் பட்டியலில் ‘ஸ்டேபிள் வால்யூம்’ என்று ஒன்றும் சில வீடியோக்களில் இருக்கும். ஆலாபனையையும் தனியையும் ஒரே மட்டத்துக்கு அது இழுத்துப்பிடிக்கும். புகார் சொல்பவரிடம் முதலில் அதை அணைத்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

வீடியோ எடிட்டருக்குக் கொடுப்பதென்றால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கொடுங்கள். முடிந்த வீடியோவை அவரிடமிருந்து வாங்கி, அதன் ஒலியை உங்கள் ப்ராஜெக்ட்டில் மிக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழுசாகக் கழியாது, வீடியோவில் ஒலி சுருக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒலியளவை மாற்றினாரா, மோனோவாக்கினாரா, கேமரா மைக்கின் ஒலியை அணைக்காமல் அடியில் ஓடவிட்டாரா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் பாருங்கள். ஹாலின் எதிரொலி கூடி, குரல் பின்னால் போயிருந்தால் அநேகமாக அதுதான்.